வலதுபக்கச் சீட்டு

இறங்க மாட்டேங்க அம்மிணி. நீங்க இன்னும் எத்தனை தடவை கேட்டாலும் இதேதான் பதில். காக்கி உடுப்புப் போட்டிருக்கீங்க, அந்த மரியாதை எனக்கு இருக்கு. ஆனா இந்த பெல்ட்டை நான் கழட்ட மாட்டேன். வேணும்னா நீங்க வந்து இந்த இறக்கை நிழல்ல உக்காருங்க. பங்குனி வெயில் மண்டையைப் பிளக்குது. உங்களை இதுக்குக் காவல் போட்டாங்களே தவிர, வெயில்ல நிக்கணும்னு யாரும் சொல்லலையே.

நான் யாருன்னு கேட்டீங்கல்ல? என் பேரு துளசிமணி. இந்த ஏரோப்ளேன் எங்களுதுங்க. இப்ப தாசில்தார் ஜீப்புல சாப்பிடப் போனாங்களே ரெண்டு பேரு, அதுல மொட்டைத் தலையா இருந்தவரு எங்க ஊட்டுக்காரரு. செங்கோட்டுவேல்னு பேரு. திருச்செங்கோட்டுல போர்வெல் லாரி வெச்சிருக்கோம். கூட நெட்டையா, கண்ணாடி போட்டுக்கிட்டுப் போனாரே, அவரு எந்தங்கச்சி ஊட்டுக்காரரு, சந்திரகாசன். காலேஜ்ல வாத்தியாரு. காலையில இந்தச் சீட்டுல உக்காந்து வந்து இறங்கினது அவருதான். உக்காந்து வந்துட்டா அவரு சீட்டு ஆயிருமா? மார்கழி தொடங்கி தைப்பூசம் வரைக்கும் இதுல உக்காந்தவ நான். இந்த மெத்தையில இந்த ஓரம் அமுங்கியிருக்குது பாருங்க, அது அவரு உக்காந்து அமுங்கினது இல்லை.

இவங்க இன்னைக்கு இங்க இறங்கறாங்கன்னு எந்தங்கச்சிதான் வாய் தவறிச் சொன்னா. போன்ல வேற எதையோ பேசிக்கிட்டு இருந்தவ, "நாளைக்கு அந்தப் பழைய விமானத் திடலுக்குப் போறாங்களாம் அக்கா, இவருக்கு வெயில் ஒத்துக்குமோ என்னமோ"ன்னா. எந்தத் திடலுன்னு மட்டும் கேட்டுக்கிட்டேன். விடியறதுக்கு முன்னாடி கிளம்பினவ. பஸ் மாறி, பஸ் மாறி, கடைசியில ஒரு ஆட்டோக்காரன் என்னைக் கொண்டுவந்து அந்த வேலிக்கருவை ஓரமா இறக்கிவிட்டுட்டு, "இங்க என்னம்மா இருக்குது, வெறுங்காடு"ன்னு கேட்டான். "இப்ப எங்க ஊட்டுக்காரரு வானத்துல இருந்து வருவாரு"ன்னேன். அவன் ஆட்டோவைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டான். அப்புறம் இது வந்து இறங்குச்சு, ஜனம் கூடுச்சு, இவங்க ரெண்டு பேரும் ஜீப்புல ஏறினாங்க. அந்தக் கூட்டத்துல நீங்க ஆடு மேய்க்கிற பையனுகளைத் துரத்திக்கிட்டு இருந்தப்ப, நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு ஏறிட்டேன். அவரு ஜீப்புல இருந்து திரும்பிப் பார்த்தாரு. பார்த்துட்டுத்தான் உங்ககிட்ட ஆள் அனுப்பிச் சொல்லியிருக்காரு, அந்தம்மாவை இறக்கிவிடுங்கன்னு. கட்டினவ உக்காந்திருக்கா, நேரா வந்து சொல்ல வாய் வரலை. போலீசு வேணுமாம்.

இதை ஏன் வாங்கினாருன்னு எல்லாரும் கேக்கறதுதான். எங்க சம்பந்தி வீட்டுல கேட்டாங்க, பேங்க்குல கேட்டாங்க. அவரு ஒரே பதில்தான் சொல்லுவாரு. "பூமிக்குள்ள ஓட்டை போட்டே வயசு போயிருச்சு. இனி மேல போய்ப் பார்க்கறேன்." பையன் தலையெடுத்து லாரிகளைப் பார்த்துக்க ஆரம்பிச்சதும் வெளியூர்ல ஒரு கிளப்புல போயிச் சேர்ந்து, மாசக்கணக்கா அங்கயே தங்கி ஓட்டக் கத்துக்கிட்டு வந்தாரு. உலகச் சண்டைக் காலத்துல வெள்ளைக்காரன் போட்டுட்டுப் போன விமானத் திடலு அங்கங்க காட்டுக்குள்ள கிடக்குதாம். கலெக்டர் ஆபீஸ்ல அனுமதி வாங்கி, ஒவ்வொண்ணுலயும் ஒருக்கா இறங்கி ஏறணும்னு ஆசை.

நான் ஆசைப்பட்டு ஏறலைங்க. அதை முதல்லயே சொல்லிப்போடறேன். அவரைத் தனியா அனுப்பிட்டு ஊட்டுல உக்காந்து எப்படி இருக்கறது? தண்ணி குடிக்கணும்னே தெரியாத மனுஷன். அதனால கூடப் போனேன். போறப்ப எனக்கு ஆயிரம் கவலை. மோட்டாரை நிறுத்தினோமா, பால்காரன் வந்து திரும்பிப் போயிருப்பானா, மொட்டை மாடியில காயற வத்தலை மழை வந்தா யாரு எடுப்பாங்க. இதெல்லாம் இது மேல ஏறறப்ப நினைச்சுக்கிட்டே இருப்பேன். தலைக்கு மேல ஒரு இறக்கை, காலுக்குக் கீழ தகரம், அதுக்கும் கீழ ஒண்ணும் இல்லை. அது எனக்கு ஒரு கவலையாவே தெரிஞ்சதில்லை. ஏன்னு தெரியலை.

மேல போனா என்ன தெரியும்னு ஒவ்வொரு ஊருலயும் பொம்பளைங்க வந்து என்கிட்டத்தான் கேப்பாங்க. அவருகிட்ட ஆம்பளைங்க எத்தனை லிட்டர் பெட்ரோல், எவ்வளவு மைலேஜுன்னு கேட்டுக்கிட்டு இருப்பாங்க. பொம்பளைங்க என் கையைத் தொட்டுப் பார்த்துட்டு, "மேல என்னக்கா தெரியும்?" ஒரு ஊருல கைக்குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில வெச்சுட்டா ஒருத்தி. வானத்துல இருந்து வந்தவ தொட்டா நல்லதாம். நான் என்னத்தைச் சொல்றது? காடுதான் தெரியும், ரோடு தெரியும்னு சொல்லுவேன். உள்ளதைச் சொன்னா அவங்களுக்குப் புரியாது.

உங்களுக்குச் சொல்றேன். நாங்க எங்கெங்க போர் போட்டோமோ அந்தக் காடெல்லாம் மேல இருந்து தெரியும் அம்மிணி. தண்ணி வந்த காடு பச்சையா ஒரு கட்டம். பக்கத்துலயே இன்னொரு கட்டம் வெளுத்துப்போய்க் கிடக்கும், அது புகை வந்த காடு. போர் போடறப்ப தண்ணி இல்லைன்னா வெறும் மண்ணு புகையாட்டம் வரும், தெரியுமில்ல? அந்தக் காட்டு மேல போறப்ப அவரு கீழயே குனிஞ்சு பார்ப்பாரு. "இது புளியம்பாளையத்துப் பழனாத்தா காடுதானே, ரெண்டு இடத்துல போட்டும் வரலையே"ன்னு நான் கேப்பேன். தலையை மட்டும் ஆட்டுவாரு. அப்புறம், "மூணாவதா அந்த மேக்கு மூலையில போட்டிருக்கணும் துளசி, இப்பப் பார்த்தாத் தெரியுது"ம்பாரு. வாழ்நாளெல்லாம் இந்த மனுஷன் என்கிட்ட இவ்வளவு பேசினதில்லை. ஊட்டுக்கு வந்தா லாரி, டீசல், டிரைவர் வரலை, அவ்வளவுதான். இதுக்குள்ள அந்தப் பக்கம் திரும்பி உக்காரவும் இடமில்லை. பேசித்தான் ஆகணும்.

சரி, அந்தத் தைப்பூசத்துக்கு வர்றேன். உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பாங்க, அதனாலதான் அப்படிப் பார்க்கறீங்க.

கள்ளிமேட்டுத் திடலு. முந்தின நாளே போய் இறங்கி, பக்கத்துல அவருக்குத் தெரிஞ்ச ஒருத்தரு ஊட்டுல தங்கினோம். காலையில கிளம்பறோம். நல்ல நாளு. எங்க லாரி எது புதுசா வந்தாலும் நான்தான் பொட்டு வைப்பேன். துளை போடற ரிக்குக்கு, கம்ப்ரஸருக்கு, பாறையை உடைக்கிற சுத்தியலுக்கு, எல்லாத்துக்கும். இன்னைக்கு வரைக்கும் எங்க லாரி ஒண்ணு கவுந்ததில்லை. அன்னைக்கும் கிண்ணத்துல சந்தனம் குழைச்சுக் கொண்டுபோயிருந்தேன். மூக்குக்கு வெச்சேன், காத்தாடிக்கு வெச்சேன், சக்கரத்துக்கு வெச்சேன். இடது இறக்கைக்குக் கீழ சின்னதா ஒரு குழாய் நீட்டிக்கிட்டு இருக்குது பாருங்க, அதோ, அதுக்கும் வெச்சேன். எது முன்னால நீட்டிக்கிட்டு இருக்குதோ அதுக்குத்தானே பொட்டு? நல்லாக் கெட்டியா வெச்சேன், காத்துல உதிரக் கூடாதுன்னு. வெயில்ல காஞ்சு கல்லாட்டம் ஆயிருச்சு.

அந்தக் குழாய்க்குள்ள காத்துப் போனாத்தான் எவ்வளவு வேகம்னு முள்ளு காட்டுமாம். எனக்கு யாரு சொன்னாங்க? ஒருத்தரும் சொல்லலை.

தரையில ஓடறப்பவே முள்ளு அசையலை போல. அவரு அதைக் கவனிக்கறதுக்குள்ள திடலு முடியப் போகுது, எதுக்கால பனைமரம். நிறுத்த முடியாது. தூக்கிட்டாரு. மேல வந்தப்புறம் அந்த முள்ளை விரலால தட்டறாரு, தட்டறாரு, அது செத்த பாம்பாட்டம் கிடக்குது. "என்னங்க?"ன்னேன். "ஒண்ணுமில்லை"ன்னாரு. ஒண்ணுமில்லைன்னு அவரு சொன்னா என்னமோ இருக்குதுன்னு அர்த்தம். திரும்பவும் கேட்டேன். அப்புறம்தான் சொன்னாரு. வேகம் தெரியாம இறக்கணும். ரொம்ப மெதுவாப் போனா அப்படியே கீழ விழுந்துரும். ரொம்ப வேகமாப் போனா திடலு பத்தாது. சொல்றப்ப என் மூஞ்சியைப் பார்க்கலை.

நான் பயப்படலைங்க. சாமி சத்தியமாச் சொல்றேன். எரிச்சல்தான் வந்துச்சு. "ஏனுங்க, ரிக்கு பக்கத்துல கயித்துக் கட்டில்ல கண்ணை மூடிப் படுத்துக்கிட்டே, இப்ப மண்ணு, இப்பப் பாறை, இப்பத் தண்ணி வரப்போகுதுன்னு சத்தத்தை வெச்சே சொல்லுவீங்களே. இந்த இஞ்சின் சத்தம் காதுல விழுகுதா இல்லையா? அதைக் கேட்டு இறக்குங்க"ன்னேன். என்னைத் திரும்பிப் பார்த்தாரு. காதுல மாட்டியிருந்ததை ஒரு பக்கம் நகர்த்தி வெச்சுக்கிட்டாரு. அந்தத் திடலைச் சுத்திச் சுத்தி வந்தாரு. நான் வாயைத் திறக்கலை. நான் வாயைத் திறக்காம இருந்தது அன்னைக்கு ஒரு நாள்தான்.

இறங்கிருச்சு. கொஞ்சம் வேகமாத்தான் இறங்குச்சு. திடலு முடிஞ்சும் நிக்காம சோளக்காட்டுக்குள்ள பூந்து, சோளத்தட்டு ரெண்டு பக்கமும் படபடன்னு அடிச்சு, அப்படியே நின்னுபோச்சு. சக்கரத்து மூடி ஒண்ணு உடைஞ்சதோட சரி. எங்களுக்கு ஒரு கீறல் இல்லை. காட்டுக்காரி ஓடிவந்து, "வானம் இத்தாச்சோடு பெருசாக் கிடக்குது, உங்களுக்கு எஞ்சோளம்தான் கிடைச்சுதா?"ன்னு சத்தம் போட்டா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. இவரு சிரிக்கலை. என் கையைப் புடிச்சவரு விடவே இல்லை. "ஜனம் வருது, விடுங்க, மானம் போகுது"ன்னேன். விடலை. சட்டையெல்லாம் வேர்த்து ஊத்தியிருக்குது. எனக்கு விரலெல்லாம் மரத்துப்போச்சு. அப்புறம் இறங்கிப் போயி அந்தக் குழாயைப் பார்த்தாரு. ஒரு ஊக்கை வாங்கி அதுல இருந்த சந்தனத்தைக் குத்திக் குத்தி எடுத்தாரு. என்னை ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தாத் தேவலை.

என்ன சொன்னீங்க? தப்பு என்னோடதுதானா? அப்படி வாங்க. நீங்களும் அவங்க கட்சிதானா. ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லுங்க. ஒவ்வொரு தடவையும் ஏறறதுக்கு முன்னாடி அவரு இதை ஒருக்கா சுத்தி வந்து தொட்டுத் தொட்டுப் பார்ப்பாரு. அது அவரு வேலை. அன்னைக்கும் பார்த்தாரு. அவரு பார்த்து முடிச்சதுக்கு அப்புறம்தான் நான் பொட்டு வெச்சேன். இன்னொருக்கா சுத்திப் பார்த்திருந்தாத் தெரிஞ்சிருக்குமா இல்லையா? அப்பத் தப்பு யாரு மேல? முள்ளு செத்தும் நாங்க பொழைச்சுக் கிடக்கறோம்னா அது எதனாலன்னு நினைக்கறீங்க? பொட்டு வெச்சதனாலதான். இதை அவருகிட்டச் சொன்னேன். எந்திரிச்சு வாசலுக்குப் போயிட்டாரு.

அன்னைக்கு ஊட்டுக்கு வந்ததும் சொன்னது ஒண்ணுதான். "இனிமே நீ வர வேண்டாம் துளசி." ஏன்னு கேட்டேன். வேண்டாம். எதுக்குன்னு கேட்டேன். வேண்டாம்னா வேண்டாம். அதுக்கப்புறம் சோறு இறங்கறதில்லை அவருக்கு. பாதித் தட்டுல எந்திரிச்சுருவாரு. மலைக்குப் போறேன்னு போனவரு மொட்டை போட்டுக்கிட்டு வந்து நிக்கறாரு. அந்த மனுஷன் ஆயுசுல எந்தச் சாமிக்கும் வேண்டுதல் வெச்சதில்லை. பையனுக்கு முதல் மொட்டை போடறப்பவே டீக்கடையில போய் உக்காந்திருந்தவரு. "என்னங்க இது கோலம்?"னு கேட்டா, காதுல மாட்டறது தலைமுடியில சிக்குதாம், அதனாலயாம். கேக்கறவளுக்கு இன்னும் காது குத்தலைன்னு நினைப்பு.

எனக்குத் தெரியாதா. அவருக்கு என்னைக் கூட்டிக்கிட்டுப் போக வெட்கமாயிருச்சு. கலெக்டர், தாசில்தார்னு வந்து நிக்கிற இடத்துல, சந்தனக் கிண்ணமும் கூடையுமா ஒருத்தி இறங்கினா நல்லாவா இருக்கும்? சந்திரகாசன்னா இங்கிலீஷ் பேசுவாரு. ரேடியோவுல "ஓவர், ஓவர்"னு சொல்லுவாரு. நான் ஏழாவதோட நின்னவ. அம்மா செத்ததும் தங்கச்சியைப் பார்த்துக்க ஆள் இல்லைன்னு எங்கப்பா என்னைப் பள்ளிக்கூடத்துல இருந்து நிறுத்தினாரு. அவளுக்கு நான் சடை போட்டு அனுப்பினேன், அவ காலேஜ் வரைக்கும் படிச்சா, படிச்ச மாப்பிள்ளை வந்தாரு. அது போகட்டும், அவ நல்லா இருக்கட்டும். நான் அன்னைக்கு எழுந்து குடுத்தது பள்ளிக்கூட பெஞ்சு. அது பத்தலையாம். இப்ப இதையும் எழுந்து குடுக்கணுமாம் அவ புருஷனுக்கு. மாட்டேன்.

எங்க ஊட்டுக் கூடத்துல உக்காந்து இவரு சந்திரகாசனைக் கேக்கறாரு, நான் அடுப்படியில இருக்கறேன், காதுல விழுகுது. "நீங்க வாங்க சகலை. உங்களைக் கூட்டிக்கிட்டுப் போனா எனக்குப் பயமே இல்லை." சந்திரகாசன் முகம் எப்படியோ போச்சு, காபியைக் கீழ வெச்சுட்டாரு. அப்ப என்னைக் கூட்டிக்கிட்டுப் போனாப் பயமா? நான் என்ன புலியா? வானத்துல வேகம் தெரியாமத் திணறினப்ப சத்தத்தைக் கேளுங்கன்னு சொன்னவ யாரு? படிச்சவருகிட்ட இருந்தா அது வந்துச்சு? இதையெல்லாம் கேட்டேன். "உனக்குப் புரியாது துளசி"ன்னாரு. எனக்குப் புரியாததுன்னு ஒண்ணு அவருகிட்ட இருக்குதா? அவரு தூங்கறப்ப எந்தப் பக்கம் புரளுவாருன்னு சொல்லுவேன் நான்.

ஜீப்பு வருது போல, புழுதி தெரியுது. நீங்க எந்திரிச்சு நில்லுங்க அம்மிணி, உங்களைக் குத்தம் சொல்லிடப் போறாங்க. இறங்கச் சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டுபோச்சுன்னு சொல்லுங்க. நானும் ஆமான்னு சொல்றேன்.

வாங்க சந்திரகாசன். சாப்பிட்டீங்களா? என்ன, பையை எடுத்துக்கறீங்க? பஸ்ஸுலயே போய்க்கறீங்களா? அட, நான் இன்னும் கேக்கவே இல்லையே. மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கிடக்குது? வர்ற வழியெல்லாம் வாந்தியா? பாவத்தே. ஜன்னலோரமா உக்காந்து போங்க. தங்கச்சியைக் கேட்டதாச் சொல்லுங்க. பார்த்தீங்களா அம்மிணி, கும்பிடு போட்டுட்டுப் போறாரு. பரிசு விழுந்தவனாட்டம் ஓடறாரு.

ஏனுங்க. ஏன் அங்கயே நிக்கறீங்க? கிட்ட வாங்க. இறங்க மாட்டேன். போலீசம்மா நல்லவங்க, அவங்க சொல்லிப் பார்த்துட்டாங்க. காரா? யாருக்குக் காரு? நம்ம ரெண்டு பேருக்குமா? அப்ப இது? இங்கயே கிடக்கட்டுமா? வேற ஆள் வந்து எடுத்துக்கட்டுமா?

கேட்டீங்களா அம்மிணி. என்கூடக் கார்லயே ஊட்டுக்கு வர்றாராம். இனிமே இதை ஓட்டவே வேண்டாமாம். அத்தனை ஆசையா வாங்கினதை. நான் ஏறினேன்கிற ஒரே காரணத்துக்காக இதையே வேண்டாங்கறாரு. அந்த அளவுக்கா நான் ஆகாதவளாப் போயிட்டேன்?

முடியாதுங்க. காரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இன்னும் எத்தனையோ திடலு பாக்கி இருக்குது. நீங்க போகலைன்னா நான் இதுலயே உக்காந்திருப்பேன். இருட்டட்டும். விடியட்டும். நீங்க இதோ இந்த அம்மிணிகிட்ட, இன்னும் நாலு பேரைக் கூட்டிவந்து தூக்கச் சொல்லுங்க, சீட்டோட தூக்கட்டும். உங்களுக்கு நான் வர்றது வெட்கம்னா கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுங்க. வெட்கம் இல்லையா? பின்ன என்ன? சொல்லுங்க. வாயைத் திறந்து சொல்லுங்க.

கேட்டா இறக்கைப் பக்கம் போறாரு அம்மிணி. எப்பவும் இப்படித்தான்.

அங்க என்ன குனிஞ்சு பார்க்கறீங்க? குழாயில ஒண்ணும் இல்லை. சக்கரத்துக்கு மட்டும்தான் வெச்சிருக்கறேன். குழாய்க்கு வைக்கக் கூடாதுன்னு இல்லை, சந்தனம் தீர்ந்துபோச்சு. பாருங்க, நல்லாப் பாருங்க. இன்னொருக்கா சுத்தி வாங்க. நானா வேண்டாங்கறேன்?

ஏறிட்டாரு அம்மிணி. ஏறி உக்காந்துட்டாரு. என் பெல்ட்டை எதுக்கு இழுத்துப் பார்க்கறீங்க, நான் சரியாத்தான் மாட்டியிருக்கறேன். திரும்ப எதுக்கு? வயிறு ஏன் இப்படி ஒட்டிக் கிடக்குது? சாப்பிட்டீங்களா இல்லையா? அவரை மட்டும் சாப்பிடவெச்சுட்டு நீங்க வெறும் வயித்தோட வந்தீங்களா? இதுக்குத்தான் அம்மிணி நான் கூட இருக்கணும்கறது. இந்தாங்க, தூக்குவாளியில அரிசிம்பருப்பு சாதம் இருக்குது. இதைச் சாப்பிட்டாத்தான் சாவியைத் தருவேன். ஆமா, சாவி என்கிட்டத்தான் இருக்குது. இதுலயே விட்டுட்டுப் போனா எடுக்க மாட்டாங்களா?

மெதுவா. அள்ளிப் போட்டுக்காதீங்க. கண்ணுல தண்ணி வருது பாருங்க அம்மிணி. காரம் கூடிப்போச்சாட்ட இருக்குது, விடியக்காலையில அவசரத்துல ஆக்கினது. கையை எதுக்குங்க புடிக்கறீங்க, எச்சக் கையோட. சரி, சரி, இருக்கட்டும். சாப்பிடுங்க.

அம்மிணி, நீங்க தள்ளி நில்லுங்க. காத்தாடி சுத்தினாப் புழுதி அடிக்கும். அந்த ஆடுகளைக் கொஞ்சம் ஓட்டிவிடச் சொல்லுங்க. இல்லைங்க, கதவை நீங்க சாத்த வேண்டாம். இதை ஒரு தினுசா இழுத்துச் சாத்தணும். விடுங்க. நானே சாத்திக்குவேன்.